படகுவண்டியும் சட்டமும்

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்; வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்த பழமொழி. உயர்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்னும் உண்மையை உணர்த்தவே முன்னோர் அதனை வழங்கினர். அதன் நேர்ப்பொருளை அவ்வண்ணமே கண்ணாற் காண விரும்புவோர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ செல்லலாம். வார நாட்களில் வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறு படகு, விடுமுறை நாட்காலையில் இருசக்கர வண்டியொன்றின்மேல் அமர்ந்து, காரின் பின்னே இழுக்கப்பட்டுத் துறையை அடையும். சரிவான இறங்குதுறையில் வண்டி நீருட் புகவே, படகு மிதந்து செல்லும். மாலையில் மீண்டும் அவ்வண்டியிலேயே ஏறி வீடு திரும்பும். ஆங்கிலத்தில் 'போட் டிரெயிலர்' என வழங்கும் அவ்வண்டியை யாம் இக்கட்டுரையிற் படகுவண்டி என்றே குறிப்போம்.

இரும்புச் சட்டம், ஓர் அச்சு, இரண்டு சக்கரம், முன்னே ஒரு கொக்கி, பின்னே இரண்டு விளக்கு ஆகிய இவ்வளவே படகுவண்டி எனத் தோன்றும். எஞ்சின் இல்லை; ஓட்டுபவர் இல்லை; அமர்வோரும் இல்லை. ஆதலின், அயல்நாட்டிலே குறைந்த விலைக்குச் செய்வித்து, கப்பலேற்றிக் கொணர்ந்து விற்பின் நல்ல ஊதியம் கிடைக்கும் என்று வணிகர் கருதுதல் இயல்பே. ஆயின் அந்நாட்டுச் சட்டத்தின்முன் அஃது எளிய பொருளன்று. காரையும் லாரியையும் போல அதுவும் ஒரு மோட்டார் வண்டியே. இவ்வுண்மையை அறியாது முதலிட்டவர், சரக்கைத் துறைமுகத்திலேயே இழத்தலும் உண்டு. அதனினும் கொடிது, விற்றபின் நேரும் விபத்திற்கு விடை கூற வேண்டுவது. வாணிகத் துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கும், கடல் கடந்த நாடுகளுடன் தொடர்புடைய பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி, இத்துறையின் சட்ட முறைகளை இயன்றவரை எளிதாக விளக்கப் புகுகின்றோம்.

1. சட்டம் பிறந்த வரலாறு

மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டு நெடுநாள்வரை, விபத்து நேரின் ஓட்டியவர்மீதே பழி சுமத்துவது வழக்கமாயிருந்தது. வண்டியின் அமைப்பிலேயே குற்றம் இருக்கலாம் என்பதைப் பொதுமக்கள் பெரிதும் எண்ணிற்றிலர். 1965-ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர், கார்களின் அமைப்புக் குறைகளை எடுத்துக்காட்டி ஒரு நூல் வெளியிட்டார். நாடெங்கும் பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. அடுத்த ஆண்டு, 1966 செப்டம்பர் 9-ஆம் நாள், தேசியப் போக்குவரத்து மோட்டார் வண்டிப் பாதுகாப்புச் சட்டத்திற் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்டார். அதனை நடத்துதற்கு அமைந்த தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 1970-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இதனை இனிப் 'பாதுகாப்பு நிருவாகம்' எனச் சுருக்கிக் கூறுவோம்.

இச்சட்டம் மோட்டார் வண்டிக்குக் கூறும் இலக்கணம் நம் கருத்திற்கு உரியது. பொதுச் சாலைகளில் வழங்குதற்பொருட்டுச் செய்யப்பட்டதாய், இயந்திர ஆற்றலால் ஓடுவது மட்டுமன்றி, அவ்வாற்றலால் இழுக்கப்படுவதும் மோட்டார் வண்டியே என்பது அது. 'இழுக்கப்படுவதும்' என்னும் அவ்வொரு சொல்லினாலே படகுவண்டி சட்டத்தின் வரம்பினுட் புகுந்துவிட்டது.

2. இறக்குமதி செய்பவரும் உற்பத்தியாளரே

ஐரோப்பிய நாடுகளில், ஒருவகை வண்டியை விற்குமுன் அதன் மாதிரியை அரசாங்கத்தின் அதிகாரம் பெற்றோர் ஆராய்ந்து ஒப்புதல் அளிப்பர். அமெரிக்க முறை வேறு. அங்கே வண்டி விற்பனைக்கு வருமுன் அரசாங்கம் அதனைச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. சட்டம் வகுத்த பாதுகாப்பு விதிகள் யாவற்றிற்கும் தம் வண்டி இயைந்தது என்று உற்பத்தியாளர் தாமே உறுதி கூறவேண்டும். அரசாங்கம் பின்னர் எந்நாளிலேனும் சந்தையிலிருந்து ஒரு வண்டியை வாங்கிச் சோதிக்கும். உறுதி பொய்யாயின் தண்டிக்கும்.

இம்முறை வணிகர்க்கு எளிதெனத் தோன்றும். ஆராயுங்கால் அதன் கடுமை விளங்கும். ஒப்புதல் பெற்ற சீட்டைக் காட்டி, 'அரசாங்கமே ஏற்றுக்கொண்டதன்றோ?' என்று சொல்லித் தப்புதற்கு இங்கே வழியில்லை. பொறுப்பு முழுவதும் உறுதி கூறியவர் தலைமேலேயே நிற்கும்.

உற்பத்தியாளர் அயல்நாட்டில் உள்ளவர். அவரைப் பிடித்தல் அரிது. இதனை எண்ணியே சட்டம், விற்பனைக்காக வண்டியை இறக்குமதி செய்பவரையும் 'உற்பத்தியாளர்' என்னும் சொல்லினுள் அடக்கிற்று. வண்டியின் ஓர் ஆணியையும் தம் கையால் அறையாதவர், அதனைத் துறைமுகத்தில் இறக்கியமையாலேயே உற்பத்தியாளர் ஆகிவிடுகின்றார். அன்றியும், சட்டத்தைத் தனியே கொணர்ந்து, அச்சும் சக்கரமும் அந்நாட்டிலேயே வாங்கிப் பூட்டி முடிப்பாராயின், வண்டியை ஆக்கியவர் அவரே. உறுதிமொழி கூறும் கடமையும் அவருடையதே. இத்துறையின் சட்டமனைத்திற்கும் இதுவே அடிப்படை என்க.

3. கப்பலேறுமுன் செய்ய வேண்டுவன

முதலாவது, உற்பத்தியாளர் தம் பெயர், முகவரி, செய்யும் வண்டிவகை ஆகியவற்றைப் பாதுகாப்பு நிருவாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் இதனைச் செய்வது முறை. அயல்நாட்டு உற்பத்தியாளராயின், நீதிமன்ற ஓலைகளையும் அரசாங்கக் கடிதங்களையும் தம் சார்பிற் பெற்றுக்கொள்ள, அமெரிக்காவில் நிலையாக வாழும் ஒருவரை முகவராக நியமித்துப் பதிவு செய்தல் வேண்டும். இம்முகவர் வெறும் தபாற்பெட்டி போல்வார் எனச் சிலர் எண்ணுவர். முகவர் இல்லாதவிடத்து அவ்வுற்பத்தியாளர் வண்டியை அந்நாட்டிற்கு அனுப்புதலே சட்டத்திற்கு மாறாம்.

இரண்டாவது, வண்டி அடையாள எண். ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த 17 குறிகள் கொண்ட ஓர் எண் பொறிக்கப்படும். 1, 0 என்னும் இலக்கங்களோடு மயங்குமாதலின் ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துக்கள் மூன்றும் அதில் இடம்பெறுவதில்லை. முதல் மூன்று குறிகள் செய்தவரைக் காட்டும். ஓராண்டில் அவ்வகை வண்டி ஆயிரத்திற்குக் குறைவாகச் செய்யும் சிறு தொழிலாளராயின், மூன்றாங்குறி 9 ஆக இருக்கும். அவரை 12 முதல் 14 வரையுள்ள குறிகளும் சேர்ந்தே காட்டும். பத்தாங்குறி ஆண்டினைக் காட்டும். பதினோராங்குறி தொழிற்சாலையைக் காட்டும். ஒன்பதாங்குறியின் திறம் வியக்கத்தக்கது. ஏனைய குறிகளின் மதிப்பை விதித்த எண்களாற் பெருக்கிக் கூட்டி, அத்தொகையை 11-ஆல் வகுக்க நின்ற மீதியே அது. மீதி 10 ஆயின் எக்ஸ் என்னும் எழுத்தை இடுவர். எண்ணைப் பெயர்த்தெழுதுவோர் ஒரு குறியைப் பிழைபட எழுதினும், இக்கணக்கு ஒவ்வாமையால் பெரும்பாலும் பிழை வெளிப்படும். எண்ணின் பொருளை விளக்கும் அட்டவணையை, முதல் வண்டியை விற்பனைக்கு வைக்க 60 நாட்களுக்கு முன்னரே பாதுகாப்பு நிருவாகத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

வண்டியின்மேல் அமரும் படகிற்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது 12 குறிகள் உடையது. படகு 1971-ஆம் ஆண்டின் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கடலோரக் காவற்படையின் ஆட்சியில் உள்ளது. வண்டியோ பாதுகாப்பு நிருவாகத்தின் ஆட்சியில் உள்ளது. இரண்டையும் ஒன்றாகவே விற்பவர் இரண்டு அதிகாரிகளுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர். ஒன்றின் பத்திரம் மற்றொன்றிற்கு உதவாது.

மூன்றாவது, உறுதிமொழிப் பட்டயம். வண்டியின் இடப்பக்கத்து முற்பாதியில், எப்பகுதியையும் அசைக்காமல் வெளியே நின்றே படிக்கத்தக்கவாறு, சிறு தகடு அல்லது தாள் ஒன்று நிலையாகப் பொருத்தப்படல் வேண்டும். அதனைப் பெயர்த்தெடுப்பின் அது சிதைந்து அழியுமாறு அமைதல் வேண்டும். செய்தவர் பெயர், செய்த மாதமும் ஆண்டும், வண்டியின் மொத்த எடைவரம்பு, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடைவரம்பு, அடையாள எண், வண்டியின் வகை ஆகியன அதிற் காணப்படும். 'செய்யப்பட்ட நாளில் நடைமுறையிலிருந்த பாதுகாப்பு விதிகள் அனைத்திற்கும் இவ்வண்டி இயைந்தது' என்னும் கருத்துடைய ஒரு தொடரும் அதிலுண்டு. மேலே கூறிய பொறுப்பு அனைத்தும் இவ்வொரு தொடரில் அடங்கிக் கிடக்கின்றது. ஆய்ந்தறியாமல் அதனை ஒட்டுபவர், படியாமற் பத்திரத்திற் கையொப்பமிடுபவரை ஒப்பார்.

4. எடையும் டயரும்

மொத்த எடைவரம்பு என்பது வண்டியின் தன்னெடையும் அது சுமக்கும் பாரமும் சேர்ந்த அளவு. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தன்னெடை 800 இராத்தலும் மொத்த வரம்பு 3,200 இராத்தலும் உடைய படகுவண்டியில் 2,400 இராத்தல் ஏற்றலாம். படகின் விலைப்பட்டியலில் 1,700 இராத்தல் என்று இருக்கக் கண்டு, இவ்வண்டி தாராளமாகப் போதும் என்று கடைக்காரர் கூறுகின்றார். ஆயின் பட்டியலிற் கண்டது வெறும் படகின் எடை. பின்னே மாட்டும் எஞ்சின் 380 இராத்தல். 30 காலன் பெட்ரோல் ஏறக்குறைய 180 இராத்தல். மின்கலம், நங்கூரம், கயிறு முதலியன 200 இராத்தல். ஆக மொத்தம் 2,460 இராத்தல். வண்டி இப்பொழுது வரம்பைக் கடந்துவிட்டது. வாங்கியவர் குற்றம் ஒன்றும் செய்திலர்; அவர் கேட்டறிந்த சொல்லை நம்பினார். கூட்டிப் பாராது விற்றவர் குற்றமே அது.

டயரிலும் இத்தகைய கணக்கு உண்டு. ஓர் அச்சிலுள்ள டயர்கள் தாங்கும் எடையின் கூட்டுத்தொகை, அவ்வச்சின் வரம்பிற்குக் குறையலாகாது. காருக்கென்று செய்த டயரை இழுவண்டியிற் பூட்டினால், அதன்மேற் குறித்த எடையை 1.10-ஆல் வகுத்து வருவதையே அதன் ஆற்றலாகக் கொள்ளவேண்டும் என்பது விதி. 1,700 இராத்தல் எனக் குறித்த கார் டயர்கள் இரண்டு பூட்டிய அச்சு, மேலெழுந்தவாரியாக 3,400 இராத்தல் தாங்குவதெனத் தோன்றும். விதிப்படி அது தாங்குவது சற்றேறக்குறைய 3,090 இராத்தலே. அச்சின் வரம்பு 3,200 ஆயின் அவ்வண்டி சட்டத்திற்கு மாறானது. வாங்குவோர் கண்ணுக்கு இவ்வேற்றுமை புலப்படாது. வெயில் காலத்தில் நெடுந்தொலை செல்லும் வழியில், சூடேறி வெடிக்கும் டயருக்கு அது புலப்படும்.

டயரின் பக்கத்தே பொறித்த அடையாள எண்ணின் இறுதி நான்கு இலக்கங்கள், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். படகுவண்டி ஆண்டின் பெரும்பகுதி அசையாது நிற்பது. அதன் டயர் தேய்ந்து கெடுவதினும் முதிர்ந்து கெடுவதே மிகுதி. கிடங்கிற் பல ஆண்டு கிடந்த டயரைப் புதியதென்று பூட்டி அனுப்பும் தொழிற்சாலையை, இறக்குமதி செய்பவர் இந்நான்கு இலக்கங்களாலேயே கண்டுகொள்ளலாம்.

5. விளக்கும் பிரேக்கும்

பாதுகாப்பு விதிகளுள் 108-ஆம் எண்ணுடையது விளக்குகளைப் பற்றியது. படகுவண்டியின் பின்னே சிவந்த வால்விளக்கு இரண்டு, பிரேக் பிடிக்குங்கால் எரியும் விளக்கு இரண்டு, திருப்பங் காட்டும் விளக்கு இரண்டு, ஒளியை மீட்டெறியும் சிவந்த வில்லை இரண்டு ஆகியன வேண்டும். பதிவெண் பலகைக்கு வெண்ணிற விளக்கு ஒன்று. இருமருங்கிலும் முன்னே மஞ்சளும் பின்னே சிவப்புமாகப் பக்க விளக்குகளும் வில்லைகளும். நீளம் 30 அடி அல்லது அதற்கு மேலாயின் இடையிலும் மஞ்சள் விளக்கு வேண்டும்.

அகலம் 80 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இன்னும் சில விளக்குகள் கூடும். வண்டியின் அகலத்தைக் காட்டுதற்கு முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக எல்லை விளக்குகள் வேண்டும் என்பது பொதுவிதி. படகுவண்டிக்கோ சட்டமே ஒரு சலுகை தந்துள்ளது. முன்னோக்கி மஞ்சளும் பின்னோக்கிச் சிவப்பும் காட்டும் விளக்கு ஒவ்வொன்றை, இருபக்கத்தும் நடுவிடத்தில் அகலத்தின் எல்லை தோன்ற அமைப்பின் போதும். படகின் உடல் நடுவே பருத்துப் புடைத்திருத்தலின் முன்னும் பின்னும் விளக்கு வைத்தல் இடர்ப்பாடு என்பதை உணர்ந்து வகுத்த விதி இது. சட்டம் வகுப்போர் பொருளின் இயல்பை அறிந்து வகுப்பராயின், விதி சுமையாகத் தோன்றாது.

மற்றை வண்டிகளின் விளக்கு மழையில் நனையும். படகுவண்டியின் விளக்கோ நீரில் மூழ்கும். நெடுவழி வந்து சூடேறிய விளக்கு குளிர்ந்த நீருட் புகுமாயின், உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி நீரை உள்ளிழுக்கும். உப்புநீராயின் கம்பி இணைப்புக்கள் சின்னாளில் அரிக்கப்படும். ஆதலின் நீர் புகாவண்ணம் அடைத்த விளக்குகளையே நல்ல தொழிலாளர் பூட்டுவர். சக்கரக் குடத்துள் இருக்கும் தாங்குருளைகளுக்கும் இதே இடர் உண்டு. நீர் புகுந்து கிரீசு கெட்டால், தாங்குருளை தேய்ந்து, சக்கரம் அச்சினின்றும் கழன்றோடும்.

பிரேக்கைப் பற்றிய சட்டம் புதியவரை மயங்கச் செய்வது. இத்தகைய சிறு இழுவண்டிக்குப் பிரேக் வேண்டும் என்று நடுவண் அரசாங்கத்தின் விதி எதுவும் கூறவில்லை. பிரேக் குழாய்க்கும் பிரேக் எண்ணெய்க்குமே அதன் விதிகள் உண்டு. பிரேக் வேண்டுமா என்பதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. மொத்த எடை 3,000 இராத்தலைக் கடந்தால் பிரேக் வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. கலிபோர்னியாவிலோ 1,500 இராத்தலிலேயே அக்கடமை தொடங்குகின்றது. ஒரு மாநிலத்தில் முறைப்படி விற்ற வண்டி, எல்லை கடந்த அளவிலே முறைகெட்ட வண்டியாகலாம். நாடெங்கும் விற்கக் கருதுவோர் கடுமையான விதியையே அளவுகோலாகக் கொள்ளுதல் நன்று.

படகுவண்டிகளிற் பெரும்பாலும் அமைவது, முன்செல்லும் கார் தன் வேகத்தைக் குறைக்க, பின்வரும் வண்டி முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக். நீரில் மூழ்கும் வண்டிக்கு மின்சார இணைப்பினும் இதுவே ஏற்றதென்று பலர் கொள்வர். கொக்கி கழன்றால் வண்டி தனித்தோடாவண்ணம் தடுக்கும் சங்கிலிகளையும் மாநிலச் சட்டங்கள் வேண்டுகின்றன. கொக்கிக் குமிழின் குறுக்களவு 1⅞, 2, 2 5/16 அங்குலம் என மூவகையாக வழங்கும். 2 அங்குலக் கொக்கியை 1⅞ அங்குலக் குமிழின்மேல் மாட்டினாலும் அது பொருந்தியது போலவே தோன்றும். முதற் குலுக்கலிற் கழன்றுவிடும். ஆகவே குமிழின் அளவை வாங்குவோர்க்கு வாயாற் சொல்லுதலோடு அமையாது, வண்டியிலும் எழுதி வைத்தல் விற்போர் கடன்.

அகலத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறப்பு அனுமதியின்றி நெடுஞ்சாலையிற் செல்லத்தக்க அகலம் பொதுவாக 8½ அடி. நம் கடற்கரைப் பரதவரின் 'கட்டுமரம்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என மருவி, இந்நாளில் இரட்டையுடற் படகிற்குப் பெயராயிற்று. அவ்வகைப் படகு அகலத்தாலேயே நிலைபெறுவது. ஆதலின் சாலைவரம்பு அதற்கு இடையூறாகும். புகழ்பெற்ற 'ஹோபி 16' என்னும் இரட்டையுடற் படகின் அகலம் 7 அடி 11 அங்குலம். அது வரம்பினுள் அடங்கும். அதனினும் அகன்றவற்றைச் சாய்த்தோ கழற்றியோ ஏற்றுதற்குரிய வண்டிகளும் உண்டு. அன்றேல் மாநிலந்தோறும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும்.

6. துறைமுகத்தில்

சரக்கு இறங்கும் துறைமுகத்திற் சுங்க அதிகாரிகளின்முன் வைக்கவேண்டிய பத்திரங்களுள் எச்.எஸ். 7 என்னும் அறிக்கை முதன்மையானது. இவ்வண்டிகள் பாதுகாப்பு விதிகளுக்கு இயைந்தவை, உறுதிமொழிப் பட்டயம் பொருத்தப்பட்டவை என இறக்குமதி செய்பவர் அதிற் கையொப்பமிட்டுக் கூறுவர். பட்டயத்தை வந்தபின் ஒட்டிக்கொள்ளலாம் என்று கருதிப் பட்டயமின்றி அனுப்பிய வண்டி, விதிக்கு இயையாத வண்டியாகவே கருதப்படும். அத்தகையவற்றை, அரசாங்கத்திற் பதிவுபெற்ற சிறப்பு இறக்குமதியாளர் வாயிலாக, பிணைத்தொகை கட்டியே கொணர இயலும். சிறு வண்டிக்கு அச்செலவு கட்டாது.

இழுவண்டிகள் உலகச் சுங்க வகைப்பாட்டில் 8716 என்னும் தலைப்பில் அடங்கும். படகோ 8903 என்னும் தலைப்பில் அடங்கும். எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்பதை, வாங்குவோர் காணுமாறு பொருளின்மேலே குறித்தல் வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் விதித்த கடமை. சரியான தலைப்பையும் விலையையும் தக்க கவனத்துடன் கூறும் பொறுப்பை, 1993-ஆம் ஆண்டின் சட்டம் இறக்குமதி செய்பவர்மேலேயே சுமத்திற்று. 'தரகர் எழுதினார், யான் அறியேன்' என்பது விடையாகாது. பத்திரங்களை 5 ஆண்டுகள் காத்து வைத்தலும் வேண்டும்.

சிறிதெனத் தோன்றிப் பெருங்கேடு விளைப்பது ஒன்றுண்டு. இரும்பு வண்டியை அடுக்கிக் கட்டுதற்கு இடையிடையே வைக்கும் மரக்கட்டைகளே அவை. மரத்துள் மறைந்து வரும் வண்டுகள் ஒரு நாட்டின் காடுகளையே அழிக்கவல்லன. ஆதலின் அம்மரம் சூடேற்றப்பட்டோ நச்சுப்புகை ஊட்டப்பட்டோ, உலகெங்கும் ஒப்புக்கொண்ட முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். முத்திரையில்லாக் கட்டை ஒன்று காணப்படின், வண்டிகள் எத்துணைச் சிறந்தனவாயினும் சரக்கு முழுவதும் திருப்பி அனுப்பப்படலாம்.

7. விற்கும்பொழுதும் விற்றபின்னும்

வண்டியின் உரிமை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாறுதற்குத் தொடக்கப் பத்திரம், உற்பத்தியாளர் தரும் தோற்றச் சான்றிதழ். அதனைக் கொண்டே வாங்கியவர் தம் மாநிலத்தில் உரிமைச் சீட்டும் பதிவெண்ணும் பெறுவர். இங்கும் மாநிலந்தோறும் வேற்றுமை உண்டு. புளோரிடாவில் 2,000 இராத்தலுக்குக் குறைந்த இழுவண்டிக்கு உரிமைச் சீட்டு வேண்டுவதில்லை, பதிவு வேண்டும். சான்றிதழிலுள்ள அடையாள எண்ணும் வண்டியிலுள்ள எண்ணும் ஓர் எழுத்து மாறுபடினும், வாங்கியவர் அலுவலகம்தோறும் அலைய நேரும்.

விற்றவுடன் கடமை தீர்ந்ததென்று எண்ணுவது பெரும்பிழை. பாதுகாப்பிற்குக் கேடு விளைக்கும் குறை ஒன்று தம் வண்டிகளில் உண்டு என உற்பத்தியாளர் அறிந்து முடிவுசெய்தால், 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பு நிருவாகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். வாங்கியவர் ஒவ்வொருவர்க்கும் 60 நாட்களுக்குள் எழுதி அறிவித்தல் வேண்டும். பழுதுபார்த்தோ, மாற்றிக் கொடுத்தோ, விலையைத் திருப்பியோ அக்குறையை இலவசமாகத் தீர்த்தல் வேண்டும். இலவசமாகத் தீர்க்கும் இக்காலவரம்பு முன்னர் 10 ஆண்டாக இருந்தது. 2015-ஆம் ஆண்டின் சட்டத்தால் 15 ஆண்டாயிற்று. குறை தீராத புதுவண்டியைக் கடையினின்றும் விற்று அனுப்புதலும் குற்றமாம்.

2000-ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே உரிந்து பல உயிர்களைக் குடிக்க, ஏறக்குறைய 65 இலட்சம் டயர்கள் மீட்டழைக்கப்பட்டன. அவ்வாண்டே இயற்றப்பட்ட புதிய சட்டம், அயல்நாட்டிற் செய்த மீட்டழைப்பையும் 5 வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என விதித்தது. தம் வண்டியை வேறு நாடுகளுக்கும் விற்கும் தொழிற்சாலையோடு வாணிகம் செய்பவர் இதனை மறத்தலாகாது.

வாங்கியவர் யாவர் என்னும் பட்டியல் இல்லாதவர் இக்கடமையை எங்ஙனம் ஆற்றுவர்? ஒவ்வோர் அடையாள எண்ணிற்கும் நேரே வாங்கியவர் பெயரும் முகவரியும் எழுதிய கணக்கேடே இவ்வாணிகத்தின் உயிர்நாடி.

இனி, விபத்து நேரின், இழப்பீடு கோரும் வழக்கு மாநில நீதிமன்றங்களிற் செல்லும். குறையுள்ள பொருளைச் சந்தையில் இட்டவர், தாம் கவனக்குறைவாக இருந்தமை மெய்ப்பிக்கப்படாவிடினும் பொறுப்பாளியே என்று கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1963-ஆம் ஆண்டில், கிரீன்மன் என்பார் யூபா கம்பெனிமீது தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அப்பொறுப்பைச் சில்லறை விற்பனையாளர்க்கும் விரித்தது. இக்கொள்கை பின்னர்ப் பல மாநிலங்களிற் பரவிற்று. ஆதலின் தொழிற்சாலையின் தவற்றிற்கு இறக்குமதி செய்பவர் முதலில் விடை கூற நேரும். கடல் கடந்த தொழிற்சாலையிடம் அதனை மீட்டுப் பெறுதல் அவர் பாடு. இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்தலும், தொழிற்சாலையுடன் செய்யும் ஒப்பந்தத்தில் இப்பொறுப்பைத் தெளிவாக எழுதுதலும் இதனாலேயே இன்றியமையாதனவாயின.

8. முடிவுரை

இத்துணை விதிகளும் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். படகுவண்டியை வாங்குபவர் தாமே விரும்பி வாங்குகின்றார். அதன் பயனையும் துன்பத்தையும் அவரே ஏற்கட்டுமே என்பர். ஆயின் சக்கரம் கழன்ற வண்டி, கொக்கி விடுபட்ட வண்டி, தன்னை வாங்கியவரை நாடிச் செல்வதில்லை. எதிரே தன் பிள்ளைகளோடு வரும் ஒருவர்மீதே அது பாய்கின்றது. அவர் அவ்வண்டியை வாங்கவில்லை. அதன் விலையைக் கேட்கவில்லை. அதன் பட்டயத்தைப் படிக்கவுமில்லை. பேரம் பேசும் இடத்திலே இல்லாத அவர்பொருட்டே சட்டம் அவ்விடத்தில் அமர்ந்திருக்கின்றது. விற்போரும் வாங்குவோரும் ஒத்துக்கொண்டாலும் விதியைத் தளர்த்த இயலாமைக்குக் காரணம் இதுவே.

ஆதலின் இவ்வாணிகத்திற் புகுவோர் செய்யத்தக்கன இவை: முதற் சரக்கிற்குப் பணம் அனுப்புமுன், மாதிரி வண்டி ஒன்றை வருவித்து விதிகளோடு ஒப்பிட்டு ஆராய்க, டயர், அச்சு, கொக்கி, விளக்கு ஆகியவற்றின் ஆற்றலுக்குத் தொழிற்சாலையிடம் எழுத்துமூலம் சான்று பெறுக, பட்டயத்தில் எழுதும் எடையைத் தாமே கூட்டிப் பார்க்க, விற்ற வண்டியின் கணக்கேட்டைக் கண்போற் காக்க. கணக்கறிந்தவர்க்கு இவை அரியன அல்ல. நம் மாணவர் வகுப்பிற் பயிலும் எளிய கூட்டலும் வகுத்தலுமே இங்கு ஓர் உயிரைக் காப்பனவாகின்றன.

ஓடம் வண்டியில் ஏறுதல் எளிது. ஏறிய ஓடம் வீடு வந்து சேரும்வரை வழியிற் செல்லும் எவர்க்கும் தீங்கு நேராவண்ணம் வண்டியைச் செய்து தருதலே அரிது. அவ்வரிய செயலை மேற்கொள்ளும் வணிகர்க்கே ஊதியம் பெற உரிமை உண்டு என்பது எம் துணிபு.